பேச்சு பறவையைப் பற்றி இருக்கட்டும்

அன்புள்ள என் பழைய மாணவர்களுக்கும் உறவுகளுக்கும்,

நீண்ட நாள் கழித்து நீளமாக எழுதுகிறேன். வகுப்பில் செய்வது போல நடுவில் தண்ணீர் குடிக்க எழுந்து போனாலும் பரவாயில்லை. திரும்பி வந்து மிச்சத்தையும் படித்துவிடுங்கள்.

பணி ஓய்வுக்குப் பிறகு நான் பறவை பார்க்கப் போகிறேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். "சாருக்கு வேற வேலை இல்ல" என்று வீட்டில் சொல்வதும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து போவோம். ஒரு வாரம் சக்கரக்கோட்டைக் கண்மாய், ஒரு வாரம் சித்திரங்குடி, வாடைக் காற்று தொடங்கிவிட்டால் தனுஷ்கோடி. எங்களில் மீன் வியாபாரி உண்டு, வங்கி ஊழியர் உண்டு, கல்லூரிப் பையன்கள் உண்டு. யாரும் இதில் சம்பளம் வாங்குவதில்லை. ஆசைக்காகச் சேர்ந்தவர்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வயதில் நான் மூத்தவன். பறவை பார்ப்பதில் நான் கடைசி பெஞ்ச். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் பதினைந்து வருடமாகப் பறவை பார்க்கிறான். குரலைக் கேட்டே பெயர் சொல்லிவிடுவான். கரையில் அவன்தான் எனக்கு வாத்தியார். பள்ளியில் "சார், சார்" என்று பழகிவிட்டதால் இன்னமும் என் முன்னால் பேசத் தயங்குகிறான். "தம்பி, நரைத்த முடியெல்லாம் அனுபவம் ஆகிவிடாது. எந்த வேலையில் அனுபவம் என்று கேட்டுக்கொண்டு மரியாதை கொடு" என்று அவனிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன தை மாதம் கோதண்டராமர் கோயில் பக்கத்து உப்பங்கழியில் நடந்த ஒரு சங்கதி.

தூரத்தில் அறுபது எழுபது பறவைகள் ஆழமில்லாத தண்ணீரில் நின்றன. நீண்ட அலகைச் சேற்றுக்குள் விட்டு இரை தேடும் பறவைகள். தமிழில் மூக்கன் என்பார்கள். இதில் இரண்டு வகை நம் பக்கம் வரும். கருவால் மூக்கனுக்குக் கால் கொஞ்சம் நீளம்; பறக்கும்போது இறக்கையில் அகலமான வெள்ளைப் பட்டையும் வால் நுனியில் கருப்பும் தெரியும். பட்டைவால் மூக்கனுக்கு இறக்கையில் அந்த வெள்ளை கிடையாது. வாலில் மெல்லிய கோடுகள் இருக்கும். குளிர்காலத்தில், தூரத்தில், தண்ணீருக்குள் கால் மறைந்து நிற்கும்போது இரண்டையும் பிரித்துச் சொல்வது லேசான வேலை இல்லை.

எங்கள் கூட்டத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1988 முதல் இந்தக் கரையில் பறவை பார்க்கிறார். அவர் பைனாகுலரை இறக்கிவிட்டு, "கருவால் மூக்கன்" என்றார்.

என் பழைய மாணவி ஒருத்தி, வாரக் கடைசியில் மதுரையிலிருந்து வருபவள், மெதுவாகச் சொன்னாள்: "ஐயா, எனக்குப் பட்டைவால் மாதிரி தெரியுதுங்க."

பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் இங்க நிக்கிறவன்மா" என்றார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அப்போது பறவைகள் எழுந்து ஒரு சுற்றுப் பறந்து இறங்கின. பெரிய லென்ஸ் வைத்திருந்த பையன் ஒருவன் படம் எடுத்து, திரையில் பெரிதாக்கி எல்லோருக்கும் காட்டினான். வாலில் கோடு தெரிந்தது. "ஐயா, கண்ணாடி பவரை மாத்துங்க, வயசாயிடுச்சு" என்றான். நாலு பேர் சிரித்தார்கள்.

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. குடையை மடக்கிப் பையில் வைத்தார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். அடுத்த மூன்று ஞாயிறும் அவர் வரவில்லை. அந்தப் பெண்ணும் வரவில்லை. ஒரே காலையில் இரண்டு பேரை இழந்தோம்.

நான் அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். நல்ல பையன், குத்தலாகச் சொல்லவில்லை. "சார், நான் பறவையைப் பத்தித்தானே சொன்னேன்? படத்துல தெளிவா இருக்கே" என்றான்.

"இல்ல தம்பி. நீ கண்ணாடியைப் பத்திச் சொன்ன. அவர் நீங்க பொறந்த வருஷத்தைப் பத்திச் சொன்னார். அங்க பறவையைப் பத்திப் பேசினது அந்தப் பொண்ணு ஒருத்திதான். அவளைத்தான் யாரும் கேக்கல" என்றேன்.

இதைத்தான் உங்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. உங்களில் பலர் ஏதாவது ஒரு ஆசை வேலையில் இருக்கிறீர்கள். ஒருத்தன் பழைய நாணயம் சேர்க்கிறான், ஒருத்தி மாடித்தோட்டம் போடுகிறாள், இன்னொருத்தன் புல்லட் வண்டியைக் கழற்றி மாட்டுகிறான். எல்லா இடத்திலும் பழைய ஆள் ஒருவர் இருப்பார், புதிய ஆள் ஒருவர் வருவார், இருவருக்கும் ஒரு நாள் கருத்து மோதும். நம் வீடுகளில் அதற்கு இரண்டே வழிதான் பழக்கம். "பெரியவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று வாயை மூடுவது, அல்லது "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று வாயை அடைப்பது. இரண்டிலும் யாரும் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

பறவை ஆராய்ச்சியின் சரித்திரத்தில் இரண்டு கதைகள் இதற்குப் பொருத்தமானவை.

முதல் கதை, ஆலன் ஆக்டேவியன் ஹியூம். காங்கிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவர் என்று சமூக அறிவியலில் படித்திருப்பீர்கள். அவர் அந்தக் காலத்துப் பெரிய பறவை ஆர்வலரும்கூட. 1867-இல் இமாச்சலத்தில் சட்லெஜ் பள்ளத்தாக்கில் ஒரு சின்னக் கதிர்க்குருவியைப் பிடித்தார். அலகு வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது, தனி இனம் என்றார். அதற்குப் பிறகு அப்படி ஒரு பறவை யார் கண்ணிலும் படவில்லை. ஒரே ஒரு உடல்தான் சான்று. இது தனி இனமா, வேறொரு இனத்தில் கொஞ்சம் மாறிப் பிறந்ததா என்று நூறு வருடத்துக்கு மேல் சந்தேகம் நீடித்தது. 2002-இல் அந்தப் பழைய உடலிலிருந்து மரபணுவை எடுத்துப் பரிசோதித்தார்கள். தனி இனம்தான். 2006-இல் தாய்லாந்தில் உயிரோடு ஒன்று வலையில் சிக்கியது. பெரியவர் சொன்னது சரி.

இரண்டாவது கதை, ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன். பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, பறவைகளைப் பற்றிப் பெரிய புத்தகங்கள் எழுதியவர், எங்கு போனாலும் நாற்காலி போட்டு உட்கார வைக்கப்பட்டவர். நம் நாட்டில் காட்டு ஆந்தை ஒன்று உண்டு. 1880-களுக்குப் பிறகு அது கிடைக்கவில்லை. ஆனால் தான் 1914-இல் குஜராத்தில் ஒன்றைச் சுட்டதாக அவர் எழுதி வைத்திருந்தார். உடலும் அருங்காட்சியகத்தில் இருந்தது. பிறகு பமேலா ராஸ்முசென் என்ற பெண் அந்த உடலைத் தையல் தையலாக ஆராய்ந்தார். அது 1880-களில் வேறொருவர் சேகரித்த பறவை. மைனர்ட்ஸ்ஹாகன் அதைப் பிரித்து மறுபடி தைத்து, புதிய சீட்டு ஒட்டித் தன்னுடையதாக ஆக்கியிருக்கிறார் என்று கண்டுபிடித்தார். பொய்யான அந்த இடத்தை ஒதுக்கிவிட்டு, பழைய உண்மையான குறிப்புகளை நம்பி ராஸ்முசெனும் கூட்டாளிகளும் தேடினார்கள். 1997 நவம்பரில், மகாராஷ்டிராவில் ஷஹாதா பக்கத்தில், 113 வருடத்துக்குப் பிறகு அந்த ஆந்தை உயிரோடு காட்சி தந்தது.

ஒரு கதையில் பெரியவர் சரி, இன்னொன்றில் பெரியவர் பொய். இரண்டையும் தீர்த்து வைத்தது எது? பெட்டிக்குள் பத்திரமாக இருந்த உடலும், அதைப் பொறுமையாகத் திறந்து பார்த்த கண்ணும். ஹியூமைக் கும்பிட்டதாலும் ஒன்றும் தெரிந்திருக்காது, கிண்டல் செய்ததாலும் ஒன்றும் தெரிந்திருக்காது. ராஸ்முசெனும் மைனர்ட்ஸ்ஹாகனின் குணத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. தையலைக் காட்டினார்.

ஹியூமைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. பல வருட உழைப்பில் எழுதிக் குவித்திருந்த பறவைக் குறிப்புகளை அவர் ஊரில் இல்லாதபோது ஒரு வேலைக்காரர் சிம்லா கடைத்தெருவில் எடைக்குப் போட்டுவிட்டார். மனம் உடைந்துபோன ஹியூம் 1885-இல் தன் பறவை உடல்களையெல்லாம் லண்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டு அந்த வேலையையே விட்டார். அந்தச் சேகரிப்போடு போனதால்தான் சின்னக் கதிர்க்குருவியின் உடல் பிழைத்தது.

இதைப் படித்தபோது எனக்கு நம் தபால்கார ஐயாவின் நோட்டுகள் ஞாபகம் வந்தன. நான்காவது வாரம் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். "நான் எதுக்கு சார்?" என்றாள். "சும்மா வாம்மா, காபி நல்லா இருக்கும்" என்றேன்.

காபி குடித்தோம். யாரும் மூக்கனைப் பற்றிப் பேசவில்லை. பிறகு அவள்தான் கேட்டாள்: "ஐயா, நீங்க கூட்டமா நிக்கிற பறவையை எப்படி எண்ணுவீங்க? எனக்கு இருநூறைத் தாண்டினா குழம்பிடுது."

பெரியவர் முகம் மாறியது. உள்ளே போய் ஒரு தகரப்பெட்டியை இழுத்து வந்தார். பதினோரு நோட்டுகள். உப்புக் காற்றில் பழுத்துப்போன தாள்கள், இரண்டில் கரையான் ஓரம் தின்றிருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, நேரம், வாடையா சோழகமா, தண்ணீர் ஏறியிருந்ததா வற்றியிருந்ததா, எந்தப் பறவை, எத்தனை. முதலில் பத்துப் பறவையை எண்ணி அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொள்ள வேண்டும், அந்த அளவை வைத்துக் கூட்டத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து எண்ண வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார். பூநாரைக் கூட்டத்தில் தலையை எண்ணாதே, தலை தண்ணீருக்குள் இருக்கும், உடம்பை எண்ணு என்றார்.

நோட்டின் மதிப்பைக் கொஞ்சம் யோசியுங்கள். அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்தது 2017-இல். அதற்கு முன்பு மணலில் வேன் போகும், அல்லது நடக்க வேண்டும். இப்போது விடுமுறை நாளில் கார் நிறுத்த இடமில்லை. 2025 ஜூன் 5 அன்று தனுஷ்கோடியைப் பெரும் பூநாரைச் சரணாலயமாக அரசு அறிவித்தது, சுமார் 525 ஹெக்டேர். நல்ல காரியம். ஆனால் சாலை வருவதற்கு முன் எந்த மாதத்தில் எந்த இடத்தில் எத்தனை பறவை நின்றது என்று நாளை யாராவது கேட்டால் பதில் எங்கே இருக்கிறது? ஒரு பகுதி அந்தத் தகரப்பெட்டியில் இருக்கிறது. "நான் போனதுக்கப்புறம் இது எடைக்குத்தான் போகும் வாத்தியாரே" என்றார் அவர். ஒரு கேலிச் சிரிப்பில் நாங்கள் தொலைக்கப் பார்த்தது அதைத்தான்.

கடைசியில் அவரே சொன்னார்: "அன்னைக்கு எடுத்த படம் வச்சிருக்கியாம்மா?"

அவள் போனில் பத்துப் படம் இருந்தது, அந்தப் பையன் அனுப்பியவை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "இதுல வால் பட்டைதான். சந்தேகமே இல்ல" என்றார். பிறகு, "ஆனா கூட்டம் முழுக்க இதுதான்னு எப்படிச் சொல்லுவ? எதிர் ஓரத்துல ஏழெட்டு நின்னுச்சு, அதுக்குக் கால் நீளம். அதைப் பார்த்துத்தான் நான் சொன்னேன். அந்த ஓரம் படத்துல எங்க?"

அவள் பத்துப் படத்தையும் மறுபடி தள்ளிப் பார்த்தாள். அந்த ஓரம் எதிலும் இல்லை. லென்ஸ் திரும்பிய பக்கம்தானே படம் விழும்? "ஆமாங்கய்யா, ஓரம் இல்ல. அதை என்னன்னு எழுதறது?" என்றாள். இருவரும் யோசித்து நோட்டில் இப்படி எழுதினார்கள்: பட்டைவால் மூக்கன், படம் உண்டு. ஓரத்தில் நின்ற சில, கருவாலாக இருக்கலாம், உறுதியில்லை.

எனக்கு அந்த வரி மிகவும் பிடித்தது. யாரும் ஜெயிக்கவில்லை. கரையில் நின்ற பறவையைப் பற்றித் தெரிந்தது எவ்வளவோ அவ்வளவு எழுதப்பட்டது. இதே வார்த்தைகளை அன்று கரையிலேயே பேசியிருந்தால் இரண்டு நிமிட வேலை.

உலகம் முழுவதும் பறவை பார்ப்பவர்கள் பட்டியல் போடும் இபேர்ட் என்ற ஏற்பாட்டில் இதற்கு ஒரு முறையே வைத்திருக்கிறார்கள். ஓர் ஊரில், ஒரு பருவத்தில், வழக்கமில்லாத பறவையையோ எண்ணிக்கையையோ நீங்கள் பதிந்தால் அது தனியாக நிற்கும். அந்தப் பகுதியில் அனுபவமுள்ள தன்னார்வலர் ஒருவர் உங்களுக்கு எழுதிக் கேட்பார்: எப்படிப் பார்த்தீர்கள், எந்த அடையாளம் தெரிந்தது, படமோ குரலோ இருக்கிறதா என்று. முப்பது வருட ஆளுக்கும் இதே கேள்வி வரும், மூன்று மாத ஆளுக்கும் வரும். பதில் போதவில்லை என்றால் அந்தப் பதிவு பொதுக் கணக்கில் சேராது. ஆனால் உங்கள் சொந்தப் பட்டியலிலிருந்து யாரும் அதை அழிப்பதில்லை. "நீங்கள் பார்த்தது உங்களுடையது, ஊருக்குச் சொல்ல இன்னும் சான்று வேண்டும்", அவ்வளவுதான். நம் குடும்பச் சண்டைகளில் பாதி இந்த ஒரு முறையால் தீர்ந்துவிடும் என்று நான் நினைப்பதுண்டு.

அனுபவம் உள்ளவருக்கும் ஒரு கடமை உண்டு. 1908-இல் பம்பாயில் ஒரு சிறுவன் விளையாட்டுத் துப்பாக்கியால் சுட்ட குருவி ஒன்றுக்குத் தொண்டையில் மஞ்சள் இருந்தது. அது என்ன என்று கேட்கக் கூச்சத்தோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனான். செயலாளர் மில்லார்ட் "போ, போய்ப் படி" என்று விரட்டவில்லை. அது என்ன குருவி என்று சொல்லி, கழகத்தில் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையும் காட்டினார். அந்தச் சிறுவன்தான் சலீம் அலி. மில்லார்ட் அன்று எரிந்து விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மூத்தவர்கள் யோசிக்க வேண்டும்.

இளையவர்களுக்குத் தைரியம் சொல்ல இன்னொரு செய்தி. 2022 அக்டோபரில் ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை எங்கும் இறங்காமல் 11 நாளில் 13,560 கிலோமீட்டர் பறந்தது. உலக சாதனை. பிறந்து ஐந்து மாதமே ஆன குஞ்சு அது.

இப்போது வாத்தியார் புத்தியில் சில வரிகள்.

மறுத்துப் பேசும்போது கேள்வியாகப் பேசுங்கள். "தப்பு" என்பதைவிட "எந்த அடையாளத்தை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்பது நல்லது. பதிலிலிருந்து நீங்களும் ஏதாவது கற்பீர்கள்.

ஒருவரைத் திருத்த வேண்டியிருந்தால் பத்துப் பேர் முன்னால் வேண்டாம். சுட்டிக்காட்டுவது எல்லோர் முன்னாலும் நடந்துதான் ஆக வேண்டும் என்றால் சிரிப்பைச் சேர்க்காதீர்கள்.

மூத்தவர்களே, "எத்தனை வருஷமா பார்க்கிறேன்" என்பது பதில் இல்லை. அத்தனை வருடத்தில் என்ன பார்த்தீர்கள் என்பதுதான் பதில். நோட்டைத் திறந்து காட்டுங்கள்.

தீராவிட்டால் "உறுதியில்லை" என்று எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். அது தோல்வி இல்லை, நேர்மை.

பெரியவர் இப்போது வருகிறார். குடையும் வருகிறது. அந்தப் பெண் மாதம் ஒரு நோட்டாக அவருடைய குறிப்புகளைக் கணினியில் ஏற்றி வருகிறாள். சந்தேகம் வரும் இடத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டு அவரிடமே கொண்டுபோய்க் கேட்கிறாள். லென்ஸ் பையன் கரையான் தின்ற இரண்டு நோட்டையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக் கொடுத்தான். கண்ணாடி பற்றிப் பேச்சே இல்லை.

2015 முதல் பொங்கலை ஒட்டித் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஓர் இடத்தில் நின்று பார்த்ததை எழுதினால் போதும். வீட்டுக் கொல்லையாக இருந்தாலும் சரி. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பைனாகுலர் என்னிடம் இரண்டு இருக்கிறது. மாற்றுக் கருத்து இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்